மடிக்கணினியும் மின்சிக்கனமும்

மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கி வந்து முதன்முதலாகத் திறக்கிறவர்கள், அதன் அமைப்புகளுக்குள் இருக்கும் ஒரு பக்கத்தைப் பெரும்பாலும் பார்க்காமலே கடந்து போகிறார்கள். எத்தனை நிமிஷம் விசைப்பலகையைத் தொடாமல் இருந்தால் திரை அணைய வேண்டும், இன்னும் எத்தனை நிமிஷம் கழிந்தால் யந்திரமே உறங்கப் போக வேண்டும், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும், பாட்டரியை 100 சதவீதம் நிரப்புவதா 80 சதவீதத்தோடு நிறுத்துவதா என்றெல்லாம் அந்தப் பக்கம் நம்மைக் கேட்கிறது. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த வருஷம் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ சில எஞ்சினீயர்கள் பட்ட கஷ்டமும் செய்துகொண்ட சமரசமும் இருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்த்து வந்தால் அதன் அடியில் ஓடுவது ஒரே விவகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது: யந்திரம் எப்போது உழைக்கலாம், எப்போது ஓயலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருப்பது என்பதுதான் அது.

கதையைத் திருவண்ணாமலையிலிருந்து தொடங்குவதற்கு நியாயம் உண்டு. ரமண மகரிஷியின் அடியாராகிய ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயரின் குமாரர் ஆடம், 1939இல் பாங்காக்கில் பிறந்து, அருணாசல மலையடிவாரத்தில் வளர்ந்து, கொடைக்கானலில் பள்ளிக்கூடம் சென்று, பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரசாயன எஞ்சினீயரிங் கற்றவர். அவருடைய ஸ்தாபனம் 1981ஆம் வருஷம் வெளியிட்ட ‘ஆஸ்பர்ன் 1’ என்பதே, கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினி என்று விளம்பரம் பெற்று வியாபார ரீதியில் வெற்றி கண்ட முதல் யந்திரம். விலை 1,795 டாலர். எடை ஏறக்குறைய 11 கிலோ. திரையின் மூலைவிட்டம் 5 அங்குலம். ஆனால் வழக்கமாக விற்ற அந்தப் பெட்டிக்குள் பாட்டரி கிடையாது. கைப்பிடியைப் பிடித்து ஊர் ஊராகத் தூக்கிச் செல்லலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் சுவரில் மின்சாரம் இருந்தால்தான் அது பேசும். அடுத்த வருஷம் வெளிவந்த ‘கிரிட் காம்பஸ்’ என்ற யந்திரமோ, பில் மாக்ரிட்ஜ் என்ற வடிவமைப்பாளர் வகுத்தபடி, இன்றைய மடிக்கணினியைப் போலவே திரையை விசைப்பலகையின் மேல் மடித்து மூடும் உருவத்தைப் பெற்றுவிட்டது; விண்வெளி ஓடத்தில் ஏறிப் பறக்கும் பெருமையும் அதற்குக் கிடைத்தது. எட்டாயிரம் டாலருக்கு மேல் விலை போன அதற்கும் சுவரே கதி. ஆஸ்பர்னின் ஸ்தாபனம் 1983இல் திவாலாயிற்று. அவர் தம் கடைசி நாட்களில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்து, 2003ஆம் வருஷம் கொடைக்கானலில் காலமானார்.

சுவரை விட்டு விலகத் துணிந்தவை அவற்றைவிடச் சிறிய, எளிய யந்திரங்களே. ஜப்பானின் எப்ஸன் கம்பெனி செய்த ‘எச்.எக்ஸ்.-20’ சுமார் 1.6 கிலோ எடைதான். நான்கு வரி, வரிக்கு இருபது எழுத்து என்ற அதன் திரை மிகச் சிறிது. ஆனால் ஒருமுறை நிரப்பிய நிக்கல்-காட்மியம் பாட்டரியில் அது 50 மணி நேரம் வரை ஓடும் என்று கம்பெனியார் சொன்னார்கள். 1983இல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்த ‘டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100’ என்பது அதனினும் பெரிய செல்வாக்குப் பெற்றது. பத்திரிகை நிருபர்கள் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போய், நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே செய்தியை எழுதித் தொலைபேசிக் கம்பி வழியே ஆபீசுக்கு அனுப்பினார்கள்.

இந்த மாடல் 100இன் அருகில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் உணவு, கடிகாரத்துக்கும் டார்ச் விளக்குக்கும் கடையில் வாங்குகிறோமே, அந்த நான்கு பென் டார்ச் பாட்டரிதான். அவற்றில் அது சுமார் 20 மணி நேரம் ஓடிற்று. அவ்வளவு சொற்பத்தில் ஓட முடிந்ததன் காரணம், அதன் சில்லுகள் ‘ஸீமாஸ்’ என்ற முறையில் செய்யப்பட்டவை. அந்த முறையில் ஒரு மின்சுற்று தன் நிலையை மாற்றும்போதுதான் கணிசமான மின்சாரத்தை இழுக்கும். சும்மா இருக்கையில் ஏறத்தாழ எதையும் செலவிடாது. பாட்டரி தீரப் போவதற்கு முன் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். பத்து நிமிஷம் யாரும் விசையைத் தொடாவிட்டால் யந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே பதித்திருக்கும் இன்னொரு சிறு பாட்டரி நினைவகத்துக்கு உயிர் ஊட்டிக்கொண்டிருப்பதால் எழுதியது அழியாது. அந்தப் பத்து நிமிஷம் போதாதென்று நினைத்தவர் பேசிக் என்ற கணினி மொழியில் ‘பவர்’ என்று எழுதி ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். எண் ஒன்றுக்கு ஆறு விநாடி. 10 என்று கொடுத்தால் ஒரு நிமிஷம், 100 என்றால் பத்து நிமிஷம், உச்சவரம்பு 255. ‘பவர் கன்ட்’ என்று எழுதினால் அணையவே அணையாது. இன்று பல அடுக்குப் பக்கங்களில் விரிந்து கிடக்கும் மின்சக்தி அமைப்புகளின் மூல உருவம் அந்த ஒற்றை வரியில் முழுமையாக இருக்கிறது. அதிகாரம் எந்தச் சந்தேகத்துக்கும் இடமின்றி உடையவர் கையிலேயே இருந்தது. இந்தத் துறையில் அதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

அந்த எளிமை நீடிக்க முடியாமல் போனதற்கு மனிதர்களின் நியாயமான ஆசைதான் காரணம். ஆபீசில் மேஜைமீது இருக்கும் கணினி செய்வதையெல்லாம் மடிமீது இருப்பதும் செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1985இல் டோஷிபாவின் ‘டி1100’ அந்த ஆசையைப் பூர்த்தி செய்யப் புறப்பட்டது. பிறகு சுழலும் வட்டுகளும், பின்னால் விளக்கெரியும் திரைகளும், வேகமான செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. பாட்டரியோ அதே வேகத்தில் வளரவில்லை. ஆப்பிள் கம்பெனி 1989இல் ‘மாக்கின்டாஷ் போர்ட்டபிள்’ என்ற யந்திரத்துக்குக் கார்களில் இருக்கும் ஈய-அமில வகைப் பாட்டரியையே வைத்தது. பத்து மணி நேரம் வரை ஓடிய அதன் எடை 7 கிலோவைத் தாண்டிற்று. பாட்டரி அடியோடு செத்துவிட்டால் சுவரில் செருகினாலும் அது விழிக்காது.

மற்றவர்கள் நம்பியிருந்த நிக்கல்-காட்மியம் பாட்டரி, ஸ்வீடன் தேசத்து வால்டெமார் யுங்னர் 1899இல் கண்டுபிடித்தது. உறுதியானதுதான், ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்குக் குறைத்து, ஒரே மாதிரி திரும்ப நிரப்பிக்கொண்டே வந்தால், நாளடைவில் அந்த அளவோடு மின்னழுத்தம் தளர்ந்து, அதற்குக் கீழே ஒன்றுமில்லாததைப் போல நடந்துகொள்ளும். பூமியை ஒழுங்கு தவறாமல் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் பாட்டரிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. இதிலிருந்து பிறந்த சம்பிரதாயம்தான், பாட்டரியை முற்றும் தீர்த்துவிட்டுத்தான் மறுபடி சார்ஜ் போட வேண்டும் என்பது. அந்தப் பாட்டரிக்கு அது சரியான புத்திமதி. பிற்காலத்தில் அது செய்த தீங்கைப் பின்னால் சொல்கிறேன்.

அதிகாரம் கைமாறிய முதல் சம்பவம் 1990ஆம் வருஷம் அக்டோபரில் நடந்தது. இன்டெல் கம்பெனி மடிக்கணினிகளுக்கென்றே ‘386 எஸ்.எல்.’ என்ற செயலியை வெளியிட்டது. அதில் ஒரு மறைவான நிலையைப் புகுத்தியிருந்தார்கள். ஒரு விசேஷ சமிக்ஞை வந்ததும் செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, அதன் நிலவரத்தைத் தனியானதொரு நினைவகப் பகுதியில் பதிந்துவிட்டு, யந்திரத்தோடு பிறந்த பயோஸ் என்ற ஆதி மென்பொருளின் கட்டளைகளை நிறைவேற்றி, வட்டை நிறுத்தவோ திரையை அணைக்கவோ செய்து, மறுபடியும் விட்ட இடத்துக்கே திரும்பும். இதற்கிடையில் என்ன நடந்தது என்பது இயங்குதளத்துக்குத் தெரியவே தெரியாது. எஜமானர் உள்ளே படித்துக்கொண்டிருக்கையில் காவல்காரர் வந்து, கூடத்தில் சந்தடி இல்லையே என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவதற்கு இதை ஒப்பிடலாம். நோக்கம் சிக்கனம், விளைவு சில சமயம் இருட்டு.

இந்த இசைகேட்டைத் தீர்க்க இன்டெலும் மைக்ரோஸாப்டும் சேர்ந்து 1992இல் ஏ.பி.எம். என்ற ஒப்பந்தத்தை வகுத்தன. அதன்படி பயோஸ் தான் செய்யப்போவதை இயங்குதளத்துக்கு அறிவிக்கும். இயங்குதளம் ‘நான் இப்போது சும்மாதான் இருக்கிறேன்’ என்று பயோஸுக்குச் சொல்லும். ஆனாலும் கடைசித் தீர்ப்பு பயோஸிடமே இருந்தது. விசை தட்டப்படவில்லை, வட்டு சுழலவில்லை என்பதை மட்டுமே அது அறியும். ஒருவர் திரையில் நீண்டதொரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது எழுந்து காபி சாப்பிடப் போய்விட்டாரா என்பதை அறிய அதற்கு வழியில்லை. அதே 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ‘எனர்ஜி ஸ்டார்’ என்ற முத்திரையைத் தொடங்கி, அதை முதலில் கணினிகளுக்கும் அவற்றின் திரைகளுக்குமே வழங்கிற்று. அந்த முத்திரை உள்ள கணினிகளைத்தான் மத்திய அரசாங்க ஆபீசுகள் வாங்க வேண்டும் என்று 1993 ஏப்ரலில் ஜனாதிபதி கிளின்டன் உத்தரவிட்டார். பாட்டரிக்காகப் பிறந்த சிக்கனம், பாட்டரியே இல்லாத மேஜைக் கணினிகளுக்கும் கடமையானது இவ்வாறுதான்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோஸாப்ட், டோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏ.ஸி.பி.ஐ. என்ற விதிமுறை இந்த அதிகாரத்தைப் பயோஸிடமிருந்து பறித்து இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. யந்திரத்தில் என்னென்ன அங்கங்கள் உண்டு, அவற்றை எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது என்பதையெல்லாம் தயாரிப்பாளர் ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எப்போது என்பதை இயங்குதளம் முடிவு செய்யும். உறக்கத்தின் தரங்களும் அப்போதுதான் எண் பெற்றன. எஸ்3 என்பதில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க, மற்ற அனைத்தும் அடங்கிவிடும். எஸ்4 என்பதில் நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதும் வட்டில் எழுதப்பட்டு, யந்திரம் மின்சாரமே வேண்டாமல் கிடக்கும். ஸ்லீப் என்றும் ஹைபர்நேட் என்றும் நாம் தேர்ந்தெடுத்துவந்தவை இவையே. ஏட்டில் இது சிறந்த ஏற்பாடு. நடைமுறையில், பல தயாரிப்பாளர்கள் அந்த அட்டவணைகளைப் பிழைபட எழுதினார்கள். உறங்கப் போன யந்திரம் எழாமல் போவதும், எழுந்தாலும் திரை மட்டும் இருண்டே இருப்பதும் பல வருஷங்களுக்குச் சகஜமாக இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை உபயோகித்தவர்கள் பட்ட பாடு அதிலும் அதிகம்.

உறக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விழிப்பிலேயே சிக்கனம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்களை மறந்தவர்களாவோம். சென்னையில் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்ற ஆனந்த சந்திரகாசன், பெர்க்கிலி சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்ஸன் இருவருடனும் சேர்ந்து 1992இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இந்தத் துறையின் அஸ்திவாரங்களில் ஒன்று. ஸீமாஸ் சுற்று ஒவ்வோர் அசைவுக்கும் செலவிடும் சக்தி, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்பங்காகும். ஆனால் அழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும். இழந்த வேகத்தை, ஒரே வேலையைப் பல சுற்றுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து ஈடு செய்துகொள்ளலாம் என்று அவர்கள் காட்டினார்கள். விரைவாக ஓடுவதே பெருமை என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், மெதுவாகவும் அகலமாகவும் நடப்பதில் உள்ள லாபத்தைக் கணக்கிட்டுச் சொன்ன அந்தக் கட்டுரையை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். 1994இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த மார்க் வைஸரும் அவருடைய சகாக்களும், வேலையின் அளவுக்குத் தக்கபடி செயலியின் வேகத்தை இயங்குதளமே ஏற்றி இறக்கலாம் என்று ஆராய்ந்தார்கள்.

இந்த எண்ணங்கள் கடைக்கு வந்தது 2000ஆம் வருஷம் ஜனவரியில். அப்போது வெளியான இன்டெலின் மடிக்கணினிச் செயலி ஒன்று, சுவர் மின்சாரத்தில் 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டிலும், பாட்டரியில் 500 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.35 வோல்ட்டிலும் ஓடிற்று. வேகத்தில் கால்பங்குக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்து, மின்செலவில் ஏறத்தாழப் பாதியை மிச்சப்படுத்தியது என்பதை மேற்சொன்ன வர்க்கக் கணக்கைப் போட்டுப் பார்த்து அறியலாம். டிரான்ஸ்மெட்டா என்ற புதிய கம்பெனியின் ‘குரூஸோ’ செயலியும் அதே மாதத்தில் அறிமுகமாயிற்று. சிக்கனம், சமநிலை, உச்ச வேகம் என்று விண்டோஸில் தோன்றிய மூன்று திட்டங்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு வெளியே தெரியும் கைப்பிடிகள்தாம்.

இதற்குள் பாட்டரியின் ஜாதியே மாறிவிட்டது. ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனப் 1980இல் கண்ட கோபால்ட் ஆக்ஸைடையும், ஜப்பானில் அகிரா யோஷினோ 1985இல் உருவாக்கிய பாதுகாப்பான அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டு, ஸோனி கம்பெனி 1991இல் லித்தியம் அயான் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் இருவருக்கும், வழிகாட்டிய ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்க்கிறவர்கள் பிளந்து வைத்திருக்கும் பழைய மடிக்கணினிப் பாட்டரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் ரகசியம் தெரியும். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஆறு உருளைகள், இரண்டிரண்டாக இணைந்து, அந்த மூன்று ஜோடிகளும் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கும், உருளைக்கு 3.6 வோல்ட்டாக மொத்தம் 10.8 வோல்ட். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சிறு பலகை. அதன்மீதுள்ள சில்லு உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை இடைவிடாது எண்ணிக்கொண்டே இருக்கும். இத்தனை சதவீதம் மீதி இருக்கிறது, இன்ன கொள்ளளவோடு பிறந்தேன், இப்போது இவ்வளவுதான் கொள்ளுகிறேன், இத்தனை சுற்று உழைத்திருக்கிறேன் என்று கணினிக்குச் சொல்வது அந்தச் சில்லுதான். 1990களின் நடுவில் டூராஸெலும் இன்டெலும் வகுத்த விதிமுறையிலிருந்து வந்தது இந்தக் கணக்குப்பிள்ளை. அதன் காவலும் அவசியமானதே. உருளைகளுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துவிட்டதால் தீப்பிடிக்கும் அபாயம் தெரிந்து, 2006 ஆகஸ்டில் டெல் கம்பெனி ஸோனி தயாரித்த 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

லித்தியம் அயானுக்குப் பழைய நிக்கல்-காட்மியத்தின் அந்தக் குணம் கிடையாது. அதற்கு ஆகாதவை வேறு: அடியோடு வற்றவிடுவது, எப்போதும் முழுக்க நிரம்பிய நிலையில் வைத்திருப்பது, வெப்பம். ஆனால் பழைய சம்பிரதாயம் போகவில்லை. வாங்கியவுடன் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்ப, வீட்டார் அதைப் பக்தியோடு கடைப்பிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதை அடுத்த வருஷம் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. விளக்கே இல்லாத வீட்டில் ஒளிதரும் திரையாகவும் அந்த யந்திரம் பயன்பட்ட நாட்கள் அவை. மின்சாரம் வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொள்வதே அந்தப் பாட்டரிக்கு நல்லது. அப்படிச் செய்தால் கெட்டுவிடும் என்று அஞ்சி, தீரும்வரை காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு ரசாயனத்துக்குச் சொன்ன புத்திமதியை இன்னொன்றுக்குப் பிரயோகித்ததால் வந்த நஷ்டம் அது. பாட்டரியோடு வந்த கையேட்டில் தமிழில் இரண்டு வரி தெளிவாக எழுதியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதிகாரத்தின் பயணம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கைப்பேசியைப் போல உறக்கத்திலும் தபால் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, 2012இல் விண்டோஸ் 8 ஒரு புதிய உறக்கத்தைக் கொண்டுவந்தது. 2015 முதல் அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரில் பரவி, பல புதிய யந்திரங்களில் எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்கம் இல்லாமலே போயிற்று. மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்த மடிக்கணினி, பிரயாணம் முடிந்து எடுக்கும்போது கொதித்துக்கொண்டிருப்பதும் பாட்டரி காலியாகியிருப்பதும் இதன் விளைவு. உடையவர் உறங்கு என்றபோது உறங்காமல் வேறு யாருக்கோ விழித்திருக்கும் யந்திரத்தை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டரியைக் கழற்றும் உரிமையும் இதற்குள் போய்விட்டது. 2008இல் ஆப்பிளின் மெல்லிய ‘மாக்புக் ஏர்’ அதைப் பெட்டிக்குள்ளேயே அடைத்து மூட, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

திரும்பக் கிடைத்தவையும் சில உண்டு. சுவரில் செருகியபடியே நாள் முழுவதும் வேலை செய்கிறவர்கள் 80 சதவீதத்தில் நிரப்புவதை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு, ‘திங்க்பாட்’ மடிக்கணினிகளில் வெகுகாலமாக இருந்து, இப்போது பெரும்பாலான கம்பெனிகளின் யந்திரங்களுக்கும் வந்துவிட்டது. அந்த ஓர் அமைப்பை மாற்றிவைப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். பாட்டரியின் ஆயுளில் அது தருகிற லாபம் பெரிது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பாட்டரிச் சட்டமோ, 2027ஆம் வருஷம் பிப்ரவரி 18ஆம் தேதி முதல், அங்கே விற்பனைக்கு வரும் சாதனங்களில் உள்ள சிறு பாட்டரிகளை, சில விலக்குகள் நீங்கலாக, உபயோகிப்பவரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022இல் வந்த விதிகள், தீர்ந்த பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதைத் தயாரிப்பாளர் பொறுப்பாக்கியிருக்கின்றன. கழற்றும் உரிமையையும் அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டியது நம் வேலை.